எண்பது இருக்கைகளும் நாற்பத்தொரு பேரும்: எல்லையோரக் கில்டு ஒன்றின் தேய்வு குறித்த நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு பதினொன்றேகால் மணிக்கு, ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற இணைய ஆட்டத்தில் எங்கள் கில்டு, அதாவது சேர்ந்து ஆடும் எங்கள் குழு, சண்டை வரைபடத்தின் பகுதிகளான செக்டார்களில் நான்கை அடுத்தடுத்துப் பிடித்தது. பிடித்த செக்டாரை நான்கு மணி நேரம் யாரும் தொட முடியாது என்பது ஆட்டத்தின் விதி. அந்தப் பூட்டு விடிகாலை மூன்றேகாலுக்குத் திறந்தபோது, எண்பது பேர் கொள்ளும் கில்டில் விழித்திருந்தவர் ஒரே ஒருவர்தான். குமுளி பேருந்து நிலையத்துக்கு அருகில் டீக்கடை வைத்திருக்கும் அவர், "யாராச்சும் இருக்கீங்களாப்பா?" என்று மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டுத் தனியாகச் சண்டை போட்டார். ஐந்து மணிக்குள் நான்கு செக்டார்களும் கைமாறின. அன்று பட்டியலில் 58 பெயர்கள் இருந்தன என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆள் இல்லாமல் தோற்பது ஒரு வகை. பட்டியல் நிறையப் பெயர்களை வைத்துக்கொண்டு தோற்பது வேறு வகை. இந்த ஆய்வு இரண்டாவது வகையைப் பற்றியது.

நான் கம்பத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். கில்டிலும் அதே வேலைதான் எனக்கு வாய்த்தது. 2018 முதல் யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்தப் பருவத்தில் யார் எத்தனை சண்டை போட்டார்கள் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறேன். இங்கே சொல்லப்படும் எங்கள் கில்டு பற்றிய எண்கள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரே ஒரு கில்டின் கணக்கு எல்லாக் கில்டுகளுக்கும் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை.

ஆட்டமும் அதன் கடிகாரமும்

ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள இன்னோகேம்ஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட நகரம் கட்டும் ஆட்டம். கற்காலக் குடிசைகளில் தொடங்கி, வெண்கலக் காலம், இரும்புக் காலம், இடைக்காலம் என்று ஒவ்வொரு காலமாக ஏறி நகரத்தை வளர்க்க வேண்டும். முதலில் கணினி உலாவியில் மட்டும் இருந்தது பின்னர் கைபேசிக்கும் வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை நாணயம் ஃபோர்ஜ் பாயிண்ட், ஆடுபவர்கள் வாயில் எஃப்பி. எங்கள் ஆரம்ப ஆண்டுகளில் அது மணிக்கு ஒன்று வீதம் சேரும், பத்து சேர்ந்ததும் நின்றுவிடும். ஆகவே பத்து மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வந்து செலவழிக்காதவருக்கு நட்டம். பால் கறக்கிற வீட்டுக்காரர் வெளியூர் போக முடியாததைப் போல ஒரு கட்டு அது.

தனியாகவும் ஆடலாம். ஆனால் ருசி கில்டில்தான். ஒரு கில்டில் அதிகபட்சம் 80 பேர் இருக்கலாம். வாரந்தோறும் எக்ஸ்பெடிஷன் என்ற கூட்டுப் பயணம் உண்டு. அதில் நான்கு மட்டங்கள் மட்டும் இருந்த காலத்தில் ஓர் ஆள் கடக்க வேண்டிய சந்திப்புகள் 64. முதல் மூன்று மட்டங்களை எல்லோரும் முடித்தால் கில்டுக்கு 100 சதவீதம், நான்காவதையும் எல்லோரும் முடித்தால் 133.33 சதவீதம். இந்தக் கணக்கு உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்துப் போடப்படுவது. தூங்குகிற ஒவ்வொரு பெயரும் ஆடுகிறவர்களின் சதவீதத்தைக் கீழே இழுக்கும். 2019இல் கில்டு பேட்டில்கிரவுண்ட்ஸ் வந்தது. எட்டு கில்டுகள் வரை ஒரே வரைபடத்தில் மோதிக்கொள்ளும். பதினோரு நாள் சண்டை, மூன்று நாள் ஓய்வு. செம்பு, வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று ஐந்து தரங்கள். சண்டை கூடக் கூட ஒருவருடைய களைப்புப் புள்ளி ஏறி எதிரி வலுத்துக்கொண்டே போவான், அடுத்த நாள்தான் அது இறங்கும். எனவே எவ்வளவு வல்லவராக இருந்தாலும் தனி ஒருவர் வரைபடத்தைக் காக்க முடியாது. டீக்கடைக்காரர் அன்று தோற்றதற்கு அவர் காரணமல்ல.

இந்த நான்கு மணி நேரப் பூட்டைத்தான் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிடிப்பது பெரிதல்ல. பிடித்ததற்கு நான்கு மணி நேரம் கழித்து யார் விழித்திருப்பார் என்பதே கில்டின் பலம்.

உருவான வகை

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த சில மாதங்களில், 2017 தை மாதம், தமிழ்நாட்டுக் கம்பத்திலும் கேரளத்துக் குமுளியிலும் ஆறு பேர் சேர்ந்து கில்டைத் தொடங்கினோம். இரண்டு ஊருக்கும் இடையே மலைப்பாதைதான் எல்லை. லோயர் கேம்ப் தாண்டி ஏறினால் குமுளி, இன்னொரு பக்கம் கம்பம்மெட்டு, போடிப் பக்கம் போடிமெட்டு. காலையில் ஜீப்களில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் கீழிருந்து மேலே போவார்கள், மாலையில் இறங்குவார்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைப் பக்கம் தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்யும் தமிழர்களும் ஏராளம். கில்டு வளர்ந்தது இந்த ஜீப் பாதைகளின் வழியாகத்தான். ஒருவர் ஆடுவதைப் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பார், அடுத்த வாரம் அவரும் ஒரு குடிசை கட்டியிருப்பார். அப்போது ஆள் சேர்ப்பு என்று ஒரு சொல்லே எங்களிடம் இல்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. ஆகஸ்ட் 9 அன்று இடுக்கி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. மலைப்பாதைகளில் மண் சரிந்தது, மேலே மின்சாரமும் டவரும் போயின. கம்பத்தில் இருந்தவர்கள் மேலே இருந்தவர்களின் நகரங்களுக்கு நாள்தோறும் போய் 'உதவி' பொத்தானை அழுத்திவிட்டு வந்தோம். அறுவடை செய்யாத உற்பத்தியை அண்டை நகரத்துக்காரர் கொள்ளையடிப்பதை எங்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவர்களில் ஒருவர்கூடக் கில்டை விட்டுப் போகவில்லை. வராதவரெல்லாம் போய்விட்டவர் என்று எண்ணும் பழக்கம் பின்னாளில்தான் எங்களைப் பிடித்தது.

2020 மார்ச் 25 ஊரடங்கு தொடங்கியது. எல்லைச் சோதனைச் சாவடி மூடப்பட்டது, ஜீப்கள் நின்றன, தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆனி மாதத்தில்தான் வாழ்நாளில் முதலும் கடைசியுமாக 80 இருக்கைகளும் நிறைந்தன, வைரத் தரத்தையும் தொட்டோம். அந்த எண் எங்கள் கண்ணில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு தவறான முடிவும் அந்த 80ஐ மீண்டும் எட்டும் ஆசையில் எடுத்தது.

முதலில் சொல்லிக்கொண்ட காரணங்கள்

2021இன் இறுதியிலிருந்து சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. கில்டு அரட்டையில் மூன்று காரணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆட்டம் பழசாகிவிட்டது என்பது முதல் காரணம். பத்து வயதான ஆட்டம் என்பது உண்மை. ஆனால் எங்களை வென்ற கில்டுகளும் அதே பழைய ஆட்டத்தைத்தான் ஆடின. இளவட்டங்கள் துப்பாக்கி ஆட்டங்களுக்குப் போய்விட்டார்கள் என்பது இரண்டாவது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டபோது அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் நம் பக்கம் வரும் என்று எங்கள் தலைவர் கணக்குப் போட்டார். 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டது, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. இந்த ஏற்ற இறக்கம் எதிலும் எங்கள் நோட்டில் ஓர் அசைவுகூடத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடியும் பழக்கம் உள்ளவர், ஒரு கோபுரத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வரமாட்டார். அவர் எங்களிடமிருந்து பிரிந்தவரும் அல்லர், எங்களிடம் வர வேண்டியவரும் அல்லர்.

மூன்றாவது காரணம் கைபேசி. இதில் பாதி நியாயம் இருந்தது. கில்டுக்கும் கில்டுக்கும் இடையிலான பழைய வரைபடப் போர் கணினி உலாவியில் மட்டுமே ஆடக்கூடியது, எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் கணினியைத் தொடாதவர்கள். அதில் நாங்கள் என்றைக்குமே இருந்ததில்லை. பின்னர் ஆட்டத்திலிருந்தே அது நீக்கப்பட்டது. இல்லாத ஒன்றை இழந்து தேய முடியாது.

ஆக, மூன்று காரணங்களும் சொல்வதற்கு வசதியானவையாக இருந்தன. உண்மையான தவறு வேறு எங்கோ இருந்தது.

இரவுக்காரர்கள்

2022 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து, பேட்டில்கிரவுண்ட் சண்டைகளை ஆள்வாரியாகக் கூட்டுவதற்குப் பதில் மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். சண்டை நடக்கிற நேரத்தில் அரட்டையில் விழும் செய்திகளை நான் முன்பே குறித்து வைத்திருந்ததால் இது முடிந்தது. பகல் நேர எண்ணிக்கை குறைந்திருந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை. இரவு பன்னிரண்டிலிருந்து ஐந்து வரையிலான கட்டம்தான் ஏறத்தாழ வெறுமையாகிவிட்டிருந்தது. 2019, 2020 ஆண்டுகளில் அதே கட்டத்தில் ஒன்பது பத்துப் பெயர்கள் வாடிக்கையாக இருந்தன.

அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இவர் என்ன வேலை செய்தவர் என்று பக்கத்தில் எழுதினேன். ஏழு பேர் ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்தவர்கள் அல்லது தோட்டக் காவலுக்கு இருந்தவர்கள்.

இந்தப் பக்கத்துத் தொழில் தெரியாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஸ்டோர் என்பது காய் உலர்த்தும் கூடம். பறித்த பச்சைக் காயை அன்றே அங்கே கொண்டுவந்து கழுவி, தட்டுகளில் பரப்பி, சூடு ஏற்றி உலர்த்த வேண்டும். ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ அளவில் உலர்ந்த காய் கிடைக்கும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் காய் ஒழுங்காகக் காயாது. நிறம் போனால் ஏலத்தில் விலை போய்விடும். எனவே இரவு முழுதும் ஒருவர் அடுப்பையும் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். வேலை கடினமில்லை, தூங்கத்தான் கூடாது. கையில் ஒரு கைபேசியும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பூட்டுத் திறக்கும் ஓர் ஆட்டமும் இருந்தால், இதைவிடப் பொருத்தமான வேலைக்காரர் வேறு யார் இருக்க முடியும்? காய் எடுப்பு ஆடி வாக்கில் சூடு பிடித்து மாசி வரைக்கும் சுற்றுச் சுற்றாக நடக்கும். ஆண்டில் ஏழெட்டு மாதம் எங்கள் இரவு வரைபடத்தை ஸ்டோர் அடுப்புகள்தான் காத்தன. நாங்கள் அதை எங்கள் கில்டின் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2019 ஆகஸ்ட் மாதம் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையில் ஒரு சாக்குத் திருட்டுப் போனால் குடும்பமே உட்கார்ந்துவிடும். தோட்டக்காரர்கள் இரவுக் காவலுக்கு ஆள் போட்டார்கள், ஸ்டோர்களில் கூடுதலாக ஒருவர் இருந்தார். பேட்டில்கிரவுண்ட்ஸ் வந்ததும் அதே ஆண்டு. இரண்டும் ஒன்றாக நிகழ்ந்ததை அப்போது நாங்கள் யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. பிறகு விலை இறங்கிக்கொண்டே போய் 2022இல் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. உரம், மருந்து, கூலி எதுவும் இறங்கவில்லை. காவலை நிறுத்தினார்கள். சிறிய தோட்டக்காரர்கள் தங்கள் ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் பக்கத்தவர் ஸ்டோரில் காயைக் கொடுத்து உலர்த்தினார்கள். எங்கள் ஏழு பேரில் மூவர் திருப்பூருக்குப் போனார்கள். ஒருவர் கட்டப்பனையில் ஹோட்டலில் சேர்ந்தார். ஒருவர் பகல் வேலைக்கு மாறி ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார். மற்ற இருவருக்குத் தொடர்பு இல்லை.

நான் பகலில் எழுதுகிற ஏலக் கணக்கும் இரவில் எழுதுகிற கில்டுக் கணக்கும் ஒரே மேசையில்தான் இருந்தன. விலை சரிந்த தாள்களையும் சண்டை சரிந்த தாள்களையும் ஒன்றுக்கு அடுத்து ஒன்று வைத்துப் பார்க்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை இன்னொரு வகை இரவுக்காரர்கள் கிடைப்பார்கள். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் குமுளியில் இரவெல்லாம் நின்று போகும், சிப்ஸ் கடை, அல்வா கடை, மசாலாப் பொருள் கடை எல்லாம் திறந்திருக்கும். டீக்கடைக்காரர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆனால் அது இரண்டு மாதக் காவல்.

ஆள் சேர்த்த கதை

இரவுதான் பிரச்சினை என்று தெரிவதற்கு முன்பே நாங்கள் மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டோம். 2022 சித்திரையில் கில்டின் கதவை யார் வேண்டுமானாலும் விண்ணப்பமின்றி நுழையலாம் என்று திறந்து வைத்தோம். அழைக்கும் உரிமையை எட்டுப் பேருக்குக் கொடுத்தோம். பக்கத்து நகரங்களில் கில்டு இல்லாமல் இருந்த எல்லோருக்கும் ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டி அனுப்பினோம். மூன்று மாதத்தில் 34 பேர் சேர்ந்தார்கள். சேர்ந்த தொண்ணூறாம் நாளில் ஒரு முறையாவது சண்டை போட்டிருந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்களில் பாதிப் பேர் சொல்லாமல் போனார்கள், பாதிப் பேர் போகாமலே தூங்கினார்கள். ஆடி இரவில் இருந்த அந்த 58 பெயர்களில் இந்தத் தூங்குமூஞ்சிகள் கணிசம்.

இதனால் நேர்ந்த கேடு வெறும் ஏமாற்றத்தோடு நிற்கவில்லை. எக்ஸ்பெடிஷன் சதவீதம் இறங்கியதை முன்பே சொன்னேன். இன்னொன்று பொதுக் கருவூலம். எக்ஸ்பெடிஷன் மட்டங்களைத் திறக்கவும், பேட்டில்கிரவுண்டில் முற்றுகை முகாம் முதலியவற்றைக் கட்டவும் கில்டுக் கருவூலத்திலிருந்து சரக்கு போக வேண்டும். உறுப்பினர்கள் எந்தெந்தக் காலத்தில் நிற்கிறார்களோ அந்தந்தக் காலத்துச் சரக்கைக் கேட்கும். வெண்கலக் காலத்திலும் இரும்புக் காலத்திலும் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்காத இருபது பேருக்காக, அந்தக் காலத்தை எப்போதோ கடந்துவிட்ட மூத்தவர்கள் பழைய சரக்கைத் தேடி வாங்கிக் கொட்டினார்கள். மூத்தவர்கள் இருவர் இதனாலேயே சலித்து வேறு கில்டுக்குப் போனார்கள். ஆள் சேர்த்ததனால் ஆள் குறைந்தது.

செய்முறை

ஐந்து பேர் தங்கினார்கள், 29 பேர் தங்கவில்லை. என்ன வேறுபாடு என்று தேடியதில் ஒன்று தட்டுப்பட்டது. தங்கிய ஐவரில் நால்வர் ஏற்கெனவே எங்களில் ஒருவருக்கு உறவினர் அல்லது பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் முகம் தெரிந்ததால் தங்கினார்கள் என்று முதலில் எழுதி வைத்தேன். அது முழுக் காரணம் அல்ல என்று பின்னர் ஒரு தம்பி அனுப்பிய செய்தி காட்டியது. அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் கொடுக்கல் வாங்கலைச் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தில் கிரேட் பில்டிங் என்று பெருங்கட்டடங்கள் உண்டு. சியுஸ் சிலை, கொலோசியம், ஹாகியா சோபியா என்று உலகத்துக் கட்டடங்கள். டெல்லியின் தாமரைக் கோயில்கூட இருக்கிறது. பெரிய கோயில் ஏன் இல்லை என்ற ஆதங்கம் எங்கள் அரட்டையில் ஆண்டுக்கு ஒரு முறை வந்து போகும். ஒருவருடைய கட்டடத்தை உயர்த்த மற்றவர்களும் எஃப்பி போடலாம். அதிகம் போட்ட முதல் ஐந்து பேருக்குப் பரிசு உண்டு. இதில் ஆர்க் என்ற கட்டடம் எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஆர்க்கை 80ஆம் மட்டத்துக்கு உயர்த்தியவருக்கு இந்தப் பரிசு 90 சதவீதம் கூடும். முதலிடத்துப் பரிசு 100 எஃப்பி என்றால் அவருக்கு 190 கிடைக்கும். ஆகவே அவர் 190 போட்டு 190 எடுப்பார், கைநட்டம் இல்லை. கட்டடத்துக்காரருக்கோ 190 சேர்ந்துவிடும், மீதியை மட்டும் அவர் போட்டால் போதும். ஆர்க் வைத்திருக்கும் முப்பது பேர் ஒருவருக்கொருவர் இப்படிச் செய்துகொண்டால் எல்லோருடைய நகரமும் விரைந்து வளரும். இதை ஆடுகிறவர்கள் ஒன்று புள்ளி ஒன்பது என்பார்கள். எங்கள் கில்டில் அதற்குப் பெயர் செய்முறை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் செய்கிற அதே சொல். யார் யாருக்குச் செய்தார், யார் இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்பதெல்லாம் என் நோட்டில் மொய் நோட்டுப் போலவே இருக்கும்.

புதிதாக வந்தவரிடம் ஆர்க் இராது. அவர் 190 போட்டால் 100தான் திரும்பும், 90 நட்டம். ஆகவே அவரால் யாருக்கும் செய்ய முடியாது. மற்றவர்கள் அவருக்குச் செய்யலாம், செய்தோம். அதையே பெருந்தன்மை என்று நினைத்தோம். போடிமெட்டுப் பக்கத்திலிருந்து வந்த அந்தத் தம்பி, சேர்ந்த ஏழாவது வாரம் கில்டை விட்டு விலகியபின் எனக்குத் தனியாக எழுதினார்: "அண்ணே, எல்லாரும் எனக்குச் செய்றீங்க. திருப்பிச் செய்ய எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நோட்டுல என் பேருக்கு நேரா வெறும் வரவா இருக்கு. சங்கடமா இருக்குண்ணே." அவர் ஒழுங்காக ஆடியவர். இரவு ஒரு மணிக்கும் கூப்பிட்டால் வருவார். அப்படிப்பட்டவரை, எங்களிடம் இருந்ததிலேயே நல்ல ஏற்பாடு என்று நாங்கள் நினைத்த ஒன்று வெளியேற்றியிருந்தது.

உறவுக்காரர் தங்கியதன் காரணம் இப்போதுதான் விளங்கியது. மாமன் வீட்டில் வாங்கியதை ஆட்டத்தில் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை, வேறு எங்காவது செய்துகொள்ளலாம். முன்பின் தெரியாத இடத்தில் வெறும் வரவாக நிற்பதுதான் மனத்தை அறுக்கிறது. புதியவர்களுக்கு ஆட்டம் புரியவில்லை, ஆர்வம் இல்லை என்று எங்கள் தலைவர் அதுவரை சொல்லிவந்த காரணங்களை நோட்டில் எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன்.

2023 பங்குனியிலிருந்து இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஆர்க் இல்லாதவர்கள் தங்களுக்குள் மட்டும் ஐந்துக்கு ஐந்து, பத்துக்குப் பத்து என்று மாற்றிக்கொள்ள அரட்டையில் தனி இழை ஒன்று திறந்தோம். தொகை அற்பம், ஆனால் நோட்டில் செலவும் எழுதப்படும். மற்றது ஆர்க்குச் சீட்டு. ஆர்க் ஆட்டத்தின் எதிர்காலக் கட்டத்தைச் சேர்ந்தது, அதைக் கட்டுவதற்கான சரக்கு இடைக்காலத்தில் நிற்பவரிடம் இராது. மூத்தவர்கள் சரக்கைக் கூட்டி, குலுக்கலில் பெயர் வந்த ஒருவருக்குக் கொடுத்து, அடுத்த இரண்டு மாதம் எல்லோரும் அவருடைய ஆர்க்கிலேயே போடுவது என்று வைத்தோம். 80ஆம் மட்டத்துக்கு அதற்குள் கொண்டுபோக முடியாது, பாதிக்கு மேல் கொண்டுபோகலாம். மீதி அவர் பாடு. முதல் சீட்டு அந்தப் போடிமெட்டுத் தம்பிக்கே விழுந்தது என்று எழுத ஆசைதான். அவர் திரும்பி வரவில்லை.

இணைப்பு முயற்சி

இடையில் நடந்த ஒன்றைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். 2021 இறுதியில் நெடுங்கண்டம் பக்கத்து மலையாளிகளின் சிறு கில்டு ஒன்றை எங்களோடு இணைத்தோம், 17 பேர் வந்தார்கள். மொழிதான் இடிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இடிக்கவில்லை. குமுளிச் சந்தையில் இரண்டு மொழியும் கலந்து பேசிப் பழகியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள், அரட்டையில் ஆங்கில எழுத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வரியில் வந்தன. "சேட்டா, அந்த செக்டார் நம்மளுது, தொடாதீங்க" என்பதற்கு யாரும் அகராதி தேடவில்லை. இடித்தது கருவூலம். பழைய கில்டில் அவர்கள் சேர்த்து வைத்திருந்த சரக்கு கில்டோடு போய்விட்டது, உறுப்பினர் மாறினால் கூட வராது. எங்கள் கருவூலத்தைச் செலவழிக்க எங்கள் தலைவர் அனுமதி கேட்கச் சொன்னார். ஐந்து மாதத்தில் அவர்களுடைய பழைய தலைவர் பதினொரு பேரோடு வெளியேறினார். குறை எங்கள் பக்கம் என்பது என் கணிப்பு. எங்கள் தலைவரின் கணிப்பு வேறு.

இப்போது

2023 ஐப்பசியில் தூங்குகிறவர்களை நீக்கினோம். நீக்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி, தோட்ட வேலையா, பரீட்சையா, கைபேசி கெட்டுப்போனதா என்று கேட்டோம். பதில் சொன்னவர்களை ஆறு மாதம்கூட வைத்திருந்தோம், சொல்லாதவர்களை மட்டும் நீக்கினோம். இதில் 2018 வெள்ளத்து நினைவு எங்களுக்கு உதவியது. பட்டியல் ஒரே வாரத்தில் 29 ஆக இறங்கியது. தலைவர் அந்த வாரம் அரட்டைக்கே வரவில்லை. பொதுக் கதவை மூடினோம். இப்போது யாராவது ஒருவர் பெயர் சொல்லி அழைத்து வந்தால்தான் சேர்க்கை, அழைத்தவர் முதல் இரண்டு மாதம் அவருக்குப் பொறுப்பு.

இன்று 41 பேர் இருக்கிறோம். பேட்டில்கிரவுண்டில் ஒரு சண்டையாவது போடுகிறவர்கள் முப்பதுக்குக் குறைவதில்லை. 58 பெயர்கள் இருந்த பருவத்தில் அந்த எண் 23. எக்ஸ்பெடிஷன் சதவீதம் ஏறியிருக்கிறது, கருவூலம் மூச்சு விடுகிறது. தரம் பிளாட்டினம்தான், வைரத்தை மீண்டும் தொடவில்லை. ஆர்க்குச் சீட்டில் இதுவரை ஒன்பது பேர் எடுத்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் எடுத்த கையோடு வேறு கில்டுக்குப் போனார். அதற்காகச் சீட்டை நிறுத்த வேண்டும் என்று எழுந்த குரலை நான் ஏற்கவில்லை, ஊர்ச் சீட்டிலும் ஓடுகிறவர் உண்டு.

இரவு மட்டும் சரியாகவில்லை. 2024 கோடையில் மழையின்றி மேலே ஏலச் செடிகள் கருகின, ஸ்டோர்களில் அடுப்பு எரிந்த இரவுகளும் குறைந்தன. இதற்குக் கில்டு ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடிந்தது ஒன்றுதான். நோட்டில் ஒரு கட்டம் கூட்டினேன். எந்தச் செக்டாரைப் பிடிப்பதற்கு முன்பும், அதன் பூட்டுத் திறக்கும் மணியையும் அந்த மணிக்கு விழித்திருக்கப்போகிறவர் பெயரையும் அரட்டையில் எழுத வேண்டும், நான் அதை அந்தக் கட்டத்தில் ஏற்றுவேன். கார்த்திகையிலும் மார்கழியிலும் டீக்கடைக்காரரும் சிப்ஸ் கடைக்காரர் ஒருவரும் அதை நிரப்பிவிடுகிறார்கள். தை கழிந்து ஆனி வரைக்கும் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. காலியாக இருந்தால் பிடிப்பதில்லை.